சூசையப்பர் கையில் இருக்கும் லீலி எந்தக் கடையில் கிடைக்கும்?

கேள்வி: வரும் மார்ச் 19ஆம் தேதியோடு என் அம்மா இறந்து ஒரு வருடம் ஆகிறது. அம்மாவுக்கு மாதாவின் கணவரான சூசையப்பர் மேல் தனிப் பக்தி. அன்றைய திருப்பலியில் அம்மாவுக்காக வேண்டிக்கொண்டு, சூசையப்பர் சுரூபத்தின் பக்கத்தில் வெள்ளை லீலி வைக்க ஆசைப்படுகிறேன். அலங்காரக்காரர், "சாதா லில்லி சரிப்படாது, பைபிளில் சொன்ன ஒரிஜினல் ஈஸ்டர் லில்லி வரவழைக்கணும்" என்று 18,000 ரூபாய் கேட்கிறார். தவக்காலத்தில் பூவே கூடாது என்கிறார் கோவில்பிள்ளை. வெள்ளை லில்லி சாவுப் பூ, அதை வைத்தால் வீட்டில் இன்னொரு சாவு விழும் என்று பெரியம்மா பயப்படுகிறார். கல்யாணம் ஆன பெண்ணுக்கு லீலி வைக்கக் கூடாது என்று வேறு ஒருவர் சொல்கிறார். நான் என்ன செய்யட்டும்?
— ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சகோதரி, முதலில் அந்த 18,000 ரூபாயைக் கொடுத்துவிடாதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே திரும்பக் கேளுங்கள். "பைபிளில் சொன்ன ஈஸ்டர் லில்லி" என்று ஒரு பூ கிடையாது. நீங்கள் ஆசைப்பட்டபடி லீலி வைக்கலாம், தவக்காலத்திலும் வைக்கலாம். பெரியம்மாவின் பயத்துக்கும் பதில் இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஈஸ்டர் லில்லி என்று பூ வியாபாரத்தில் சொல்லப்படுவது, ஜப்பானுக்குத் தெற்கே ரியூக்யூ தீவுகளிலும் தைவானிலும் தானாக வளர்ந்த செடி. நம் ஆண்டவர் நடந்த மண்ணை அது பார்த்ததே இல்லை. 19ஆம் நூற்றாண்டில்தான் மேற்கு நாடுகளுக்குப் போனது. பெர்முடா தீவில் பயிராகி, அங்கிருந்து அமெரிக்கக் கோவில்களுக்குள் உயிர்ப்பு ஞாயிறு அலங்காரமாக நுழைந்தது. பெர்முடாவில் நோய் விழுந்த பிறகு கிழங்குகள் ஜப்பானிலிருந்து வந்தன. 1941இல் போர் மூண்டு அந்த வரத்து நின்றதும், ஓரிகன், கலிபோர்னியா எல்லையோரக் கடற்கரையில் பயிரிட்டவர்கள் கைக்கு வியாபாரம் மாறியது. இயல்பாக அது கோடையில் பூக்கும் செடி. உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவில் எந்தத் தேதியிலும் வரலாம் என்பதால், கண்ணாடிக் குடிலில் சூட்டைக் கூட்டியும் குறைத்தும் அந்த நாளுக்குப் பூக்க வைக்கிறார்கள். நல்ல பூதான், நல்ல உழைப்புதான். ஆனால் பைபிளின் பெயரைச் சொல்லி அதற்கு விலை ஏற்றுவது ஏமாற்று வேலை.

சரி, பைபிளில் இருப்பது எது? எபிரேயத்தில் "சோசன்னா" என்று வருகிறது. சூசன்னா என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். அந்தச் சொல்லுக்கு உறவான பழைய எகிப்தியச் சொல்லின் பொருள் தாமரை. சாலமோன் கட்டிய ஆலயத்தின் தூண்களில் லீலி வேலைப்பாடு இருந்தது என்று அரசர்கள் நூல் சொல்லும் இடத்தில், எகிப்தியத் தூண்களின் தாமரைத் தலைப்பைத்தான் பல அறிஞர்கள் நினைக்கிறார்கள். இனிமைமிகு பாடலில் காதலனின் உதடுகளை லீலிக்கு ஒப்பிட்டிருக்கிறது. உதடு வெள்ளையாகவா இருக்கும்? சிவப்புப் பூவாக இருந்திருக்கலாம் என்ற வாதம் அங்கிருந்து பிறந்தது. மலைப்பொழிவில் இயேசு காட்டிய பூவைத் தமிழில் காட்டுப் புஷ்பம், காட்டுமலர் என்று மொழிபெயர்த்தவர்கள் நிதானத்தோடு செய்திருக்கிறார்கள். சாலமோன்கூட அப்படி உடுத்தியதில்லை என்று அவர் சொன்னது வயலில் யாரும் விதைக்காமல் பூத்து, மறுநாள் அடுப்புக்குப் போகிற பூவைப் பற்றி. அந்த வசனத்தைச் சொல்லியே 18,000 ரூபாய் கேட்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

மாதா படங்களில் பார்க்கிற லீலி இன்னொரு செடி. மடோனா லில்லி என்பார்கள். பால்கன் நாடுகளிலும் லெபனான், கலிலேயாப் பக்கத்திலும் காட்டுச்செடியாக வளர்வது. இயேசு பிறக்கப்போவதை மாதாவுக்குச் சொன்ன மங்கள வார்த்தைக் காட்சியில், கபிரியேல் தூதர் கையில் பூ இருந்ததாக லூக்கா எழுதவில்லை. பழைய ஓவியங்களில் அவர் கையில் இருந்தது தூதுக்குரிய கோல். இடைக்காலத்தில்தான் கோல் இருந்த கைக்குப் பூ வந்தது. சியன்னா நகரத்து ஓவியர் சிமோனே மார்த்தினி 1333இல் வரைந்த மங்கள வார்த்தைப் படத்தில் லீலி ஒரு ஜாடியில் நிற்கிறது, தூதர் கையில் ஒலிவக் கிளை. சியன்னாவுக்குப் பகை நகரமான பிளாரன்சின் சின்னம் லீலி. அதனால்தான் தூதர் கையில் கொடுக்கவில்லை என்பார்கள். நாம் ஜெபிக்கிற மாதா பிரார்த்தனையிலும் ரோசா வருகிறதே தவிர லீலி வருவதில்லை.

உங்கள் சூசையப்பருக்கு வருவோம். அவர் கையில் முதலில் இருந்தது வெறும் கோல். 2ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டு, திருவிவிலியத்தில் சேராத யாக்கோபின் முதல் நற்செய்தி என்ற நூலில், மாதாவை யாரிடம் ஒப்படைப்பது என்று தெரிந்துகொள்வதற்காக, மனைவியை இழந்த ஆண்கள் எல்லாரும் ஆளுக்கொரு கோல் கொண்டுவருகிறார்கள். சூசையப்பரின் கோலிலிருந்து ஒரு புறா வெளிவந்து அவர் தலைமேல் அமர்கிறது. புறா பிற்காலத்தில் பூவானது. எண்ணிக்கை நூலில் ஆரோனின் கோல் தளிர்த்து, பூத்து, வாதுமை காய்த்த கதையை அதோடு சேர்த்துக்கொண்டார்கள். மிலான் நகரில் இருக்கும் ரபேலின் 1504ஆம் வருட ஓவியத்தில் சூசையப்பர் மாதாவுக்கு மோதிரம் போடுகிறார், அவர் கோலின் நுனியில் சின்னதாகப் பூத்திருக்கிறது. பக்கத்தில் தன் கோல் பூக்காத ஒருவன் அதை முழங்காலில் வைத்து முறிக்கிறான். கோல் முழுநீள லீலித் தண்டாக ஆனது அதற்கும் பின்னால். ஆகவே சூசையப்பரின் லீலி கற்பை மட்டும் சொல்லவில்லை. "இந்த மனிதனைக் கடவுள் தேர்ந்துகொண்டார்" என்பதையும் சொல்கிறது. மறைக்கல்வி வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்திருந்தால் சுரூபத்துக்கு வர்ணம் பூச வருகிறவர் நினைத்ததைச் செய்ய முடியுமா? ஒரு ஊரில், ஊர் பெயர் வேண்டாம், லீலி உடைந்துபோயிற்று என்று சூசையப்பர் கையில் பிளாஸ்டிக் ரோசாவைச் சொருகி வைத்திருந்தார்கள். நான் சொல்லியும் இரண்டு வருடம் அப்படியே இருந்தது.

அடுத்தது தவக்கால விஷயம். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் உங்கள் பதில் ஒரு விதிவிலக்கில்தான் இருக்கிறது. திருப்பலி நூலின் பொது விதிகளில் 305ஆம் எண், தவக்காலத்தில் பீடத்தைப் பூவால் அலங்கரிக்கக் கூடாது என்கிறது. கோவில்பிள்ளை சொன்னது அதுவரை சரி. ஆனால் அதே எண்ணில் அடுத்த வரி இருக்கிறது: தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு, பெருவிழாக்கள், விழாக்கள் ஆகியவை விலக்கு. மார்ச் 19 சூசையப்பர் பெருவிழா. மார்ச் 25 மங்கள வார்த்தைப் பெருவிழா. சாம்பல் புதன் எவ்வளவு பிந்தினாலும் மார்ச் 10க்கு மேல் போகாது. அதனால் மார்ச் 19 எந்த வருடமும் தவக்காலத்துக்குள்தான் விழும். லீலிக்கு உரிய இரண்டு பெருநாட்களில் ஒன்று எப்போதும் தவக்காலத்துக்குள், மற்றது பெரும்பாலும் தவக்காலத்துக்குள். அந்த நாட்களில் பூவுக்குத் தடை இல்லை.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. மார்ச் 19 ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் பெருவிழா மறுநாள் திங்களுக்குத் தள்ளிப்போகும். 2023இல் அப்படி நடந்தது. புனித வாரத்தில் வந்தால் குருத்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமையே கொண்டாடப்படும். 2008இல் மார்ச் 15ஆம் தேதி கொண்டாடினார்கள். மங்கள வார்த்தைத் திருநாளோ புனித வாரத்தில் வந்தால் உயிர்ப்பு விழாவின் எட்டு நாளும் கழித்துத்தான் வரும்; 2024இல் ஏப்ரல் 8. பூவுக்கான அனுமதி பெருவிழாவோடு சேர்ந்து நகரும், தேதியோடு நிற்காது. எனவே பூ சொல்வதற்கு முன் அந்த வருடத்தின் திருவழிபாட்டு நாள்காட்டியைப் பாருங்கள். பங்குத்தந்தையிடம் "சூசையப்பர் பெருவிழா இந்த வருஷம் என்றைக்கு?" என்று கேளுங்கள். "பூ வைக்கலாமா?" என்று கேட்டால் பழக்கத்தில் "தவக்காலம், வேண்டாம்" என்றுதான் பதில் வரும். இந்த ஒரு வரியைத் தட்டச்சு செய்து கோவில் அறிவிப்புப் பலகையில் ஒட்ட யாருக்கும் நேரமில்லை. வருடாவருடம் ஒவ்வொரு பங்கிலும் இதே தகராறு, கடைசியில் விஷயம் அலங்காரக் குத்தகைக்காரர் வாய்க்குப் போய்விடுகிறது.

பெருவிழா அன்று திருப்பலியின் மன்றாட்டுகள் சூசையப்பருக்கு உரியவை. இறந்தோருக்கான திருப்பலியை அன்று வைக்க மாட்டார்கள். அன்றைய திருப்பலியை அம்மாவுக்காக ஒப்புக்கொடுக்கும்படி அவர் பெயரைக் கருத்தாகக் கொடுங்கள், அதுவே போதும்.

பெரியம்மாவிடம் நீங்கள் ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரான்ஸ் நாட்டில் போன் என்ற ஊரில், 1443இல் ஏழைகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை ஒன்று உண்டு. அங்கே நோயாளிகள் படுத்திருந்த பெரிய கூடத்தின் கோடியில் இருந்த பீடத்துக்காக ரோகியர் வான் டெர் வெய்டன் இறுதித் தீர்ப்பை வரைந்தார். ஆண்டவரின் இடப்பக்கம் பழுக்கக் காய்ச்சிய வாள். வலப்பக்கம் வெள்ளை லீலி. வாள் தீர்ப்பு, லீலி இரக்கம். மீட்படைகிறவர்கள் லீலி இருக்கிற பக்கம் போகிறார்கள். சாகக் கிடந்தவர்கள் படுக்கையிலிருந்து பார்ப்பதற்காக வைத்த படம் அது. மேற்கு நாடுகளில் சவப்பெட்டி மேல் லீலி வைப்பதும் இரக்கத்தையும் உயிர்ப்பையும் நம்பித்தான். அதே பூவைக் கல்யாணத்துக்கும் வைக்கிறார்கள். அது சாவைக் கூப்பிடும் பூ இல்லை. உங்கள் அம்மா எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று நீங்கள் ஜெபிக்கிறீர்களோ, அந்தப் பக்கத்துப் பூ.

இங்கிலாந்தில் லாங் மெல்போர்டு என்ற ஊர்க் கோவிலில் பழைய கண்ணாடி ஓவியம் ஒன்று இருக்கிறது. அதில் இயேசு சிலுவையில் தொங்கவில்லை, ஒரு லீலிச் செடியில் தொங்குகிறார். அவர் கருவானதும் இறந்ததும் ஒரே மார்ச் 25 என்று முன்னோர்கள் நம்பியதிலிருந்து வந்த காட்சி. இதைப் பார்த்தபின் லீலியைத் துக்கப் பூ, மகிழ்ச்சிப் பூ என்று என்னால் பிரிக்க முடிந்ததில்லை.

கல்யாணமான பெண்ணுக்கு லீலி ஆகாது என்று சொன்னவருக்கு 3ஆம் நூற்றாண்டிலேயே பதில் இருக்கிறது. கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியான், திருச்சபையின் மலர்களில் லீலிக்கும் குறையில்லை, ரோசாவுக்கும் குறையில்லை என்று எழுதினார்: அமைதிக் காலத்தில் செய்த நற்செயலுக்கு வெள்ளை, துன்ப காலத்தில் சிந்திய இரத்தத்துக்குச் சிவப்பு. பிள்ளைகளை வளர்த்து, வீட்டைக் காத்து, நாலு பேருக்குச் சோறு போட்ட அம்மாவுக்கு லீலி வைக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

இனி வாங்குகிற வேலை. நம் ஊரில் "லில்லி" என்று சொல்லி எதையும் விற்பார்கள். சுருட்டிய வெள்ளைக் காகிதம்போல ஒற்றை மடலோடு இருப்பது காலா லில்லி, தென்னாப்பிரிக்கச் செடி. ஊட்டி, கொடைக்கானல் ஓடைக்கரையில் தானாகக் கிடப்பதைப் பறித்து "இறக்குமதி" என்பார்கள். தொட்டியில் விற்கும் பீஸ் லில்லியும் லீலி இல்லை. "புனித பூமி லீலி எண்ணெய்", "மந்திரித்த கிழங்கு" என்று வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். உண்மையான லில்லி வேண்டுமென்றால் வெள்ளை ஓரியண்டல் லில்லி, மூன்றே தண்டு போதும், நேராகப் பூக்கடையில் வாங்குங்கள், நடுவில் ஆள் வேண்டாம். அது கிடைக்காவிட்டால் நிலக்கோட்டைச் சந்தைச் சம்பங்கியைத் தண்டோடு வாங்கி வையுங்கள். என் அம்மாவுக்கு என்றால் நான் சம்பங்கிதான் வைப்பேன்.

லில்லி என்றால் மொட்டாக 16ஆம் தேதி வாங்கித் தண்ணீரில் நிறுத்துங்கள், 19க்குள் விரிந்துவிடும். வீட்டில் பூனை இருந்தால் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். மகரந்தத்தை நக்கினாலும் ஜாடித் தண்ணீரைக் குடித்தாலும் பூனையின் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும். பூ விரிந்ததும் நடுவிலிருக்கிற செம்பழுப்பு மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். ஜாடியைப் பீடத்தின் மேல் வைக்காமல் சுரூபத்தின் காலடியில் தரையில் வையுங்கள். பீடத்துணியிலோ சேலையிலோ மகரந்தம் பட்டுவிட்டால் ஈரத்துணியால் தேய்க்க வேண்டாம், கறை பிடித்துக்கொள்ளும். செல்லோடேப்பை ஒட்டி எடுத்தால் வந்துவிடும்.