நாற்பது வீரர்களும் ஒரு பிரஷ்ஷும்: மினியேச்சர் படை குறித்த கேள்வி-பதில்

கேள்வி: வார்ஹேமர் 40,000 என்ற மேசைப் போர் விளையாட்டின் பொம்மை வீரர் பெட்டி வாங்கியிருக்கிறேன். பாகங்களை ஒட்ட சூப்பர் க்ளூ போதுமா?

பதில்: பிளாஸ்டிக் வீரர்களுக்கு வேண்டாம். அவை பாலிஸ்டைரீன். பிளாஸ்டிக் சிமென்ட் என்ற பசை அதன் இரண்டு பக்கத்தையும் லேசாகக் கரைத்து ஒன்றாக்கிவிடும். காய்ந்த பிறகு கீழே விழுந்தால்கூட அந்த இடத்தில் சட்டென்று உடையாது. ரெசின் என்ற வார்ப்புப் பிசினில் செய்தவற்றுக்கும் உலோகத்துக்கும் சிமென்ட் உதவாது, அங்கேதான் சூப்பர் க்ளூ. ரெசின் பாகங்களை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவிவிடுங்கள். அச்சிலிருந்து ஒட்டிவரும் பிசுக்கு இருந்தால் பசையும் பிடிக்காது, பெயிண்டும் பிடிக்காது. உப்புத்தாளால் தேய்ப்பதாக இருந்தால் ஈரமாக்கித் தேயுங்கள், மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

கேள்வி: முழுசாக ஒட்டிவிட்டுப் பெயிண்ட் அடிக்கலாமா?

பதில்: பெரும்பாலும் அடிக்கலாம். துப்பாக்கி மார்பை மறைத்தால் மட்டும் அந்தக் கையைத் தனியே வையுங்கள். ஒட்டும் முகத்தில் பெயிண்ட் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிமென்ட்டுக்கு வெறும் பிளாஸ்டிக் வேண்டும். அதைவிட முக்கியம் அச்சுக் கோடு. தலைக்கவசத்தின் நடுவே முடி மாதிரி ஓடும் அந்த வரியைக் கத்தியின் முதுகால் வழித்துவிடுங்கள். இப்போது கண்ணுக்கே தெரியாது. டிரை பிரஷ் செய்ததும், அதாவது பெயிண்டைத் துடைத்த பிரஷ்ஷால் மேடுகளில் லேசாகத் தேய்த்ததும், வெள்ளையாக எழுந்து நிற்கும்.

கேள்வி: ஸ்ப்ரே பிரைமர் (பெயிண்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) அடித்தால் மேற்பரப்பு மணல் மாதிரி சொரசொரவென்று ஆகிறது. ஏன்?

பதில்: துளிகள் பொம்மையைத் தொடுவதற்குள் காற்றிலேயே காய்ந்துவிடுகின்றன. தூரம் அதிகமாகவோ வெயில் கடுமையாகவோ இருந்தால் இப்படி ஆகும். ஈரப்பதம் அதிகமுள்ள நாளிலும் பூச்சு கெடும். டப்பாவை நன்றாகக் குலுக்கி, 20 முதல் 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, நிறுத்தாமல் வீசிக்கொண்டே போங்கள். மெல்லிசாக இரண்டு தடவை அடிப்பதே நல்லது. ஒரே தடவையில் மூட நினைத்தால் கவசத்தின் ஆணித் தலைகள் பெயிண்டில் மூழ்கிப்போகும்.

கேள்வி: நாற்பது பேர் இருக்கிறார்கள். ஆறு மாதத்தில் மூன்று பேரைத்தான் முடித்தேன். விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.

பதில்: தயவுசெய்து விடாதீர்கள். அந்த மூன்று பேரைக் கண்ணருகே வைத்து, கருவிழி வரை வரைந்திருப்பீர்கள். மேசையில் படையைப் பார்ப்பதோ ஒரு கை தூரத்திலிருந்து. அங்கே தெரிவது ஒரே சாயலும் ஒரே மாதிரி பேஸும், அதாவது காலடித் தட்டும்தான், கருவிழி தெரியாது.

ஐந்து ஐந்து பேராக எடுங்கள். ஐவருக்கும் கவச நிறம், அப்புறம் ஐவருக்கும் துப்பாக்கி, அப்புறம் தோல் பட்டை. கடைசி ஆளை முடிப்பதற்குள் முதல் ஆள் காய்ந்திருப்பான். நான்கைந்து நிறத்துக்கு மேல் போகாதீர்கள். கலவை நிறம் என்றால் அளவை எழுதி வையுங்கள், மூன்று மாதம் கழித்து நினைவிருக்காது. அடுத்தது வாஷ், அதாவது நீர்த்த அடர்நிறப் பெயிண்ட். அது ஆணித் தலைகளைச் சுற்றி இறங்கி நிழலாகத் தங்குவதைப் பார்ப்பதே எனக்கு இன்றும் சந்தோஷம். தோள் தகட்டின் நடுவில் குளமாகத் தேங்கினால், காய்வதற்குள் ஈர பிரஷ்ஷால் உறிஞ்சி எடுங்கள், காய்ந்தால் கறைதான். கடைசியில் பிரஷ்ஷின் பக்கவாட்டால் கவச விளிம்பில் வெளிர் நிறத்தை ஒரு இழுப்பு. தளபதிக்கு மட்டும் நேரம் எடுத்துக் கருவிழி வரையுங்கள், பார்ப்பவர் கண் அவரிடம்தான் போகும்.

கேள்வி: டாங்கியின் ஆயுதங்களைக் காந்தம் வைத்து மாற்ற முடியுமா?

பதில்: முடியும். சின்ன நியோடிமியம் காந்தம் போதும். ஒட்டும் முன் எந்த முகம் எதை இழுக்கிறது என்று மார்க்கரால் புள்ளி வையுங்கள். என் முதல் டாங்கியில் ஒன்றைத் திருப்பி ஒட்டிவிட்டேன். பீரங்கி உட்காராமல் தள்ளிக்கொண்டே நின்றது, துளையைத் தோண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

கேள்வி: பிரஷ் நுனி சீக்கிரமே பிளந்துவிடுகிறது.

பதில்: பெயிண்ட் உலோக வளையம் வரை ஏறுகிறது. மயிரின் பாதிக்கு மேல் தோய்க்காதீர்கள். டிரை பிரஷ்ஷுக்குப் பழைய பிரஷ் ஒன்றை ஒதுக்குங்கள், தண்ணீர்க் குவளையில் தலைகீழாக ஊறவும் விடாதீர்கள்.