கேளுங்கள் சொல்கிறேன்: சிட்டியும் புறாக்களும்

சென்ற மாதம் தொலைக்காட்சியில் ‘எந்திரன்’ படத்தையும் ‘2.0’ படத்தையும் அடுத்தடுத்த நாட்களில் ஒளிபரப்பினார்கள். அதன்பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அவற்றைப் பற்றியவைதான். அதனால் இந்த இதழின் பதில்கள் முழுவதும், அவற்றில் ரஜினி நடித்த இயந்திர மனிதன் சிட்டிக்கே.

அக்கா, ரஜினி ரசிகை என்று இதே பகுதியில் பலமுறை எழுதியிருக்கிறீர்கள். ‘2.0’ பிடித்ததா, இல்லையா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.
– வாசகர், திருச்சி

பிடித்தது. ஆனாலும் மனக்குறை இன்னும் தீரவில்லை. பறவைகளுக்காகப் போராடித் தோற்று, சிட்டிக்கு எதிரியாகும் பட்சிராஜனுக்காக அழுதேன். சிட்டிக்காக அழுவதற்கு எனக்கு ஒரு காட்சிகூட வைக்கவில்லை.

முதல் பாகத்தைவிட இரண்டாம் பாகத்தில் பிரம்மாண்டம் பல மடங்கு. அப்படியிருந்தும் பலர் ‘எந்திரன்’தான் உயர்வு என்கிறார்கள். பழைய நினைவின் மயக்கமா?
– கல்லூரி மாணவர், கோவை

பிரம்மாண்டத்தில் குறை சொல்ல எனக்கு மனம் வராது தம்பி. பிறகு மாற்றிக்கொள்ளாமல் நேரடியாகவே முப்பரிமாணக் கேமராவில் எடுத்த படம் அது. ஒளிரும் திரைகளோடு செல்பேசிகள் சாலையை அடைத்துக்கொண்டு வெள்ளம்போல நகர்ந்து வரும் காட்சியில் நான் இருக்கையின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டேன். நிரவ் ஷாவின் ஒளிப்பதிவுக்கும் ரசூல் பூக்குட்டியின் ஒலி வடிவமைப்புக்கும் எத்தனை கும்பிடு வேண்டுமானாலும் போடலாம்.

மயக்கம் என்கிறீர்களே, அதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ‘எந்திரன்’ 2010 அக்டோபர் 1 அன்று வெளியானது. திருநெல்வேலியில் முதல் வாரமே பார்த்தோம். அப்போது ஒன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகன் மடியில் இருந்தான். தீ விபத்துக் காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். குளித்துக்கொண்டிருந்த பெண்ணைச் சிட்டி அப்படியே தூக்கிவந்து ஊரார் முன்னால் நிறுத்துகிறான். ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். அந்தப் பெண்ணோ கூசிக் குறுகி ஓடி, வண்டியில் அடிபட்டு இறந்துபோகிறாள். அதுவரை விசிலடித்துக்கொண்டிருந்த திரையரங்கு சட்டென்று அடங்கியது. நல்லது செய்யப் போன இயந்திரம், மானம் என்றால் என்னவென்று அறியாததால் ஓர் உயிர் போகக் காரணமாகிவிட்டது.

அந்த மரணத்தால்தான், சிட்டியைப் படைத்த விஞ்ஞானி வசீகரன் (அவரும் ரஜினிதான்) அவனுக்கு உணர்வூட்ட முனைகிறார். உணர்வு வந்தவுடன் சிட்டி, வசீகரனின் காதலியான சனாவைக் காதலிக்கிறான். காதல் வந்தவன் ராணுவ அதிகாரிகள் முன்னால் அழிவைப் பேச மறுத்து அன்பைப் பேசுகிறான். அவமானத்தில் கொதித்துப்போன வசீகரன், தான் பெற்ற பிள்ளைபோல வளர்த்தவனை வெட்டிக் குப்பைமேட்டுக்கு அனுப்புகிறார். எதுவும் வலிந்து திணித்ததாக இல்லை. ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கிறது. இறுதியில் நீதிமன்றத் தீர்ப்பின்படி சிட்டி தன் உறுப்புகளைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கும்போது என் மகன், “அம்மா, அந்தக் கையைத் திரும்ப மாட்டச் சொல்லு” என்று விம்மினான். எனக்கும் அதே ஆசைதான்.

அந்தப் படத்தின் வசனத்தில் சுஜாதாவின் பங்கு உண்டு. 2008 பிப்ரவரியில் மறைந்த அவர் படத்தைப் பார்க்கவில்லை. ஜீனோ என்ற இயந்திர நாயை அவர் வாரப் பத்திரிகையில் நடமாட விட்டபோது நான் பள்ளி மாணவி. இயந்திரம் யோசிக்கத் தொடங்கினால் மனிதருக்கு என்ன சங்கடமெல்லாம் வரும் என்பதில் அவருக்கு இருந்த தீராத ஆர்வம் சிட்டிக்குள்ளும் இறங்கியிருந்தது.

‘2.0’ படத்தில் ஊருக்கு ஆபத்து, சிட்டியைக் கூப்பிடுகிறார்கள், வருகிறான், மோதுகிறான். இத்தனைக்கும் கதையிலேயே ஒரு புதையல் இருக்கிறது. பட்சிராஜனின் ஆவி வசீகரனின் உடலுக்குள் புகுந்துவிடுகிறது. தன்னைப் படைத்தவரின் முகத்தோடு எதிரி வந்து நிற்கிறான். ஒரு காலத்தில் தன்னை வெட்டிக் குப்பையில் எறிந்ததும் அதே முகம்தான். அந்த முகத்தைப் பார்த்துச் சிட்டிக்குள் என்ன ஓடியிருக்கும்? இரண்டே நிமிடம் அதற்கு ஒதுக்கியிருந்தால் போதும், நான் இந்தப் பதிலையே எழுதியிருக்க மாட்டேன்.

‘எந்திரன்’ கடைசிக் காட்சி 2030-ஆம் ஆண்டில் நடக்கிறது. சிட்டி அப்போது அருங்காட்சியகத்தில் இருக்கிறான். அப்படியானால் ‘2.0’ கதை எந்த ஆண்டில் நடக்கிறது?
– வாசகர், விருதுநகர்

நல்ல கேள்வி. என் மகனும் இதே கேள்வியோடு என்னைப் பிடித்துக்கொண்டான். 2030-க்குப் பிறகு நடப்பதாக வைத்தால் வசீகரனின் வயதும் தெருவில் ஓடும் வண்டிகளும் ஒத்துவரவில்லை. முன்னால் என்று வைத்தால், மீண்டும் உயிர்பெற்று ஊரைக் காத்தவனை எதற்காக மறுபடி கழற்றிக் கண்ணாடிக்குள் வைத்தார்கள் என்று யாராவது சொல்ல வேண்டும். படம் சொல்லவில்லை. அந்தக் கடைசிக் காட்சியில், எதற்காக உன்னைக் கழற்றினார்கள் என்று கேட்கும் பள்ளிச் சிறுமிக்கு, தான் சிந்திக்க ஆரம்பித்துவிட்டதாகச் சிட்டி சொல்லும் பதிலை நான் உயிராக நினைக்கிறேன். அதைத் தாண்டி அடுத்த கதையைத் தொடங்குகிறவர்கள், அந்தப் பதிலுக்கு மரியாதையாக ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும்.

ஐஸ்வர்யா ராயை இரண்டாம் பாகத்தில் காணவில்லையே?
– வாசகி, சேலம்

சனா தொலைபேசியில் குரலாக மட்டும் வந்துபோகிறாள். சிட்டி முதன்முதலில் மனித உணர்வை அறிந்தது அவளால்தான். அவளைப் பற்றி இப்போது அவன் என்ன நினைக்கிறான் என்பதற்கும் படத்தில் இடமில்லை. எமி ஜாக்சன் நடித்த பெண் இயந்திரமான நிலா நன்றாகவே வடிவமைக்கப்பட்ட பாத்திரம். ஆனால் அவள் சனாவுக்கு ஈடாக மாட்டாள்.

நான் அறிவியல் ஆசிரியை. செல்பேசிக் கோபுரங்களால்தான் சிட்டுக்குருவிகள் அழிந்தன என்று என் மாணவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு அடித்துச் சொல்கிறார்கள். நான் என்ன பதில் சொல்வது?
– வாசகி, நாகர்கோவில்

படம் வெளியாவதற்கு முன்பே, செல்பேசிச் சேவை நிறுவனங்களின் கூட்டமைப்பு இதைப் பற்றித் தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தது. அவர்களுக்கு வியாபாரக் கவலை. எனக்கு இருப்பது உங்கள் வகுப்பறையைப் பற்றிய கவலை.

கோபுரக் கதிர்வீச்சுதான் குருவிகளைக் கொன்றது என்பது அறிவியல் முறைப்படி நிறுவப்படவில்லை. 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை, நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவிகளின் எண்ணிக்கை இருபத்தைந்து ஆண்டுகளாக ஏறத்தாழ நிலையாகவே இருப்பதாகச் சொன்னது. பெருநகரங்களில்தான் குறைவு. அதற்கான காரணங்களைத் தேட கோபுரத்தின் உச்சிக்குப் போக வேண்டியதில்லை. ஓட்டு வீட்டின் இறவாணமும் சுவர்ப் பொந்தும் போய்க் கான்கிரீட் வந்தது, கூடு கட்ட இடமில்லை. வளர்ந்த குருவி தானியம் தின்னும். ஆனால் கூட்டில் இருக்கும் குஞ்சுக்கு முதல் நாட்களில் புழுவும் பூச்சியும்தான் உணவு. செடிகொடிகள் குறைந்து, பூச்சிமருந்தும் சேர்ந்தால் தாய்க்குருவி எதைக் கொண்டுவந்து ஊட்டும்?

மாணவர்களுக்கு இன்னொரு கதையையும் சொல்லுங்கள். பாறுக் கழுகுகளின் கதை. மாட்டுக்கு வலி தீரக் கொடுத்த டைக்ளோஃபெனாக் மருந்து, இறந்த மாட்டின் இறைச்சி வழியாகக் கழுகுகளுக்குள் போய்ச் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அழிந்துபோயின. காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு, 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தருவதை இந்தியா தடைசெய்தது. திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் இறங்கிவந்து சர்க்கரைப் பொங்கல் உண்டுவிட்டுப் போகும் என்பதை உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகள் நேரில் பார்த்திருப்பார்கள். இன்று அந்தக் கழுகுகள் வருவதில்லை.

படம் குழந்தைகளைப் பறவைகளின் பக்கம் திருப்பியது என்பதற்காக அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். நம் நட்சத்திரங்களின் படங்களில் ஒரு பறவையியலாளர் இவ்வளவு பெரிய இடத்தில் வந்து நின்றதில்லை. பட்சிராஜனாக வரும் அக்‌ஷய் குமாரின் தோற்றத்தைப் பார்த்ததும் பறவையியலாளர் சாலிம் அலியை நினைக்காதவர்கள் இருக்க மாட்டார்கள். அவர் பெயரில் கோவை அருகே ஆனைகட்டியில் ஆய்வு மையமே இருக்கிறது. முடிந்தால் மாணவர்களை ஒருமுறை அங்கே அழைத்துப் போங்கள்.

பட்சிராஜன் கெட்டவனா? என் பத்து வயது மகளுக்கு விளக்கம் சொல்லத் தெரியவில்லை.
– வாசகி, தஞ்சாவூர்

எனக்கும் இதே இடத்தில்தான் வலிக்கிறது. பிறந்தபோதே மூச்சில்லாமல் கிடந்த பிள்ளை, ஒரு சிட்டுக்குருவியால் உயிர்பெறுகிறது. பறவைகளுக்காகவே வாழ்கிறது. வளர்ந்த பிறகு செல்பேசிக் கோபுரங்களை எதிர்த்து வழக்குப் போடுகிறார், அமைச்சரைப் பார்க்கிறார், கெஞ்சுகிறார். எந்தக் கதவும் திறக்கவில்லை. தள்ளாத வயதில் கோபுரத்தில் ஏறித் தூக்குப் போட்டுக்கொள்கிறார். பிறகு ஆவியாக வந்து கொலைகள் செய்கிறார். நா. முத்துக்குமார் எழுதிய ‘புள்ளினங்காள்’ பாடல் வரும்போது, அதை எழுதியவரும் 2016-லேயே நம்மை விட்டுப் போய்விட்டாரே என்ற துக்கமும் எனக்குச் சேர்ந்துகொண்டது. வசனத்தில் ஷங்கரோடு ஜெயமோகனும் இருக்கிறார். அந்த முன்கதையின் கனத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இத்தனையும் காட்டிவிட்டு, அவரை எப்படி வீழ்த்துகிறார்கள் என்று பாருங்கள். புறாக்களின் முதுகில் ஏறிவரும், சிட்டியைப் போன்ற குட்டி இயந்திரங்கள், வசீகரன் உடலைவிட்டு வெளியேறாவிட்டால் புறாக்களைக் கொன்றுவிடுவோம் என்று மிரட்டுகின்றன. பறவைகள்மீது அவர் வைத்த பாசத்தையே பணயம் வைத்து அவரைப் பணிய வைக்கிறார்கள். அரங்கில் கைதட்டினார்கள். குட்டிகளின் சேட்டைக்குச் சிரிப்பும் எழுந்தது. அன்றைக்கு மடியில் அழுத என் மகன் அப்போது ஒன்பதாம் வகுப்பு. “அம்மா, இது பட்சிராஜன் செய்ததைவிட மோசம் இல்லையா?” என்று மெல்லக் கேட்டான். ஆமாம் என்று சொன்னேன்.

சிட்டியின் உடலில், அவனை வில்லனாக்கும் சிவப்புச் சிப்பு இருக்கும்போது நடப்பதுதானே என்று சிலர் வாதிடலாம். இருக்கட்டும். அப்படியானால் சண்டை முடிந்த பிறகு வசீகரனாவது அதற்காகக் கூச வேண்டும். பட்சிராஜனின் நோக்கம் நியாயமானது என்று அவர் அமைச்சரிடம் எடுத்துச் சொல்கிறார், அது நல்ல வசனம். ஆனால் அந்தப் புறாக்களைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

உங்கள் மகளிடம் பட்சிராஜன் கேட்டது நியாயம், கொலை செய்தது பாவம் என்று இரண்டையும் சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இது தாராளமாகப் புரியும்.

ரஜினி படத்தில் இவ்வளவு ஆராய்ச்சி தேவையா, ரசித்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்கிறார் என் கணவர்.
– வாசகி, ஈரோடு

ரசித்ததால்தான் கேட்கிறேன் என்று அவரிடம் சொல்லுங்கள். ‘எந்திரன்’ வந்தபோது ரஜினி அறுபதை எட்டிக்கொண்டிருந்தார். அந்த வயதில், அந்தப் புகழில், வசீகரனைப் பொறாமைக்காரராகவும் பிடிவாதக்காரராகவும் காட்ட அவர் சம்மதித்தார். தன் இயந்திரத்தின் முன்னால் தானே சிறுத்துப்போகிற மனிதராக நடித்தார். வில்லனான சிட்டி, மனிதக் கருப்பு ஆட்டை இனம்கண்டு கத்தும் அந்த ஒரு காட்சியில் அவருடைய பழைய வில்லன் நாட்களின் ருசி முழுவதும் திரும்பி வந்தது. அதைச் செய்யக்கூடியவர் என்று தெரிந்த பிறகு, வெறும் மோதலோடு அவரை விட்டுவிட எனக்கு மனமில்லை.

மூன்றாம் பாகம் எடுத்தால் என்ன வேண்டும் என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். விளையாட்டரங்கம் வேண்டாம், ராட்சதப் பறவையும் வேண்டாம். ஆய்வுக்கூடத்தில் வசீகரனும் சிட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து பத்து நிமிடம் பேச வேண்டும். குப்பைமேட்டைப் பற்றியும் சனாவைப் பற்றியும் அந்தப் புறாக்களைப் பற்றியும். இருவரும் ரஜினிதான் என்பதால் அதற்குப் பெரிய செலவுகூட ஆகாது. முதல் நாள் முதல் காட்சிக்கு நானும் என் மகனும் வந்துவிடுவோம்.