ஏரியை விட்டு ஊர் விலகியது ஏன்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் தாத்தா காலத்தில் கோடைதோறும் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போய் ஏரிக்கரையைச் சீர்செய்வார்களாம். இப்போது வரத்துக்கால்வாயில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அரசாங்கம் வந்து செய்யட்டும் என்று எல்லோரும் இருக்கிறார்கள். சுயநலம் பெருகிவிட்டதுதான் காரணமா?
– வாசகர், காவேரிப்பாக்கம்

பதில்: அப்படிச் சொன்னால் நம் தாத்தாக்களுக்கு மிகையான பெருமையும் நம் தலைமுறைக்கு மிகையான பழியும் சேர்ந்துவிடும். பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் தெரியும் என்பதால், வட ஆர்க்காட்டு விவசாயி ஏரியை நம்பியே வாழ்ந்தார். கரை உடைந்தால், ஏரி நீர் பாயும் நிலமான ஆயக்கட்டில் எவருக்கும் விளைச்சல் இல்லை. நீர் பாய்ச்சுகிறவருக்குக் களத்திலேயே நெல் அளந்தார்கள். கடைமடை வயலும் விளைந்தால்தான் அவருக்கும் கூலி நிறையும். ஊரார் கூடி ஏரியைச் சீர்செய்யும் குடிமராமத்து நல்ல மனத்தால் மட்டும் நடக்கவில்லை, இத்தகைய ஏற்பாடுகள் அதைத் தாங்கி நின்றன.

அந்த ஏற்பாடு நேற்று கெட்டதும் அன்று. மரபாகச் செய்துவந்த மராமத்தைக் கட்டாயப்படுத்தச் சென்னை மாகாணத்தில் 1858-இல் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது என்றால், அது அப்போதே தளர்ந்திருந்தது என்றுதான் பொருள். பிற்காலத்தில் பெரிய ஏரிகள் பொதுப்பணித்துறைக்கும் சிறியவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் போயின. எல்லாவற்றையும்விடப் பெரிய அடியைக் கொடுத்தவை கிணறும் மின்மோட்டாரும் என்பது என் கருத்து. சொந்தக் கிணறு உள்ளவர், பெரும்பாலும் ஊரில் நாலு பேர் சொல் கேட்கும் நிலையில் உள்ளவர், ஏரி உடைந்தாலும் பயிர் செய்யலாம் என்றானபோது ஊர்க்கூட்டத்திலிருந்து முதலில் விலகினார். அவருடைய கிணற்று ஊற்றுக்கே ஏரித் தண்ணீர்தான் ஆதாரம் என்பது, ஊற்று வறண்ட பிறகுதான் தெரியவந்தது.

2009-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், நேபாளத்துப் பாசனங்களை ஆராய்ந்து, விவசாயிகளே நடத்தியவை பல இடங்களில் அரசு நடத்தியவற்றைவிட நன்றாக இயங்கியதைக் காட்டினார். பயன்படுத்துவோரே வகுத்த விதி, அவர்களுக்கே பதில் சொல்லும் காவலர், தவறுக்குத் தக்கபடி ஏறும் தண்டனை ஆகியவை நீடித்த பாசனங்களில் இருந்தன. காஞ்சிபுரம் பக்கத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு (கி.பி. 921), ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியத்துக்கு, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலையில் ஆள் எடுத்த முறையைச் சொல்கிறது. கணக்குக் காட்டாதவர் மீண்டும் வர முடியாது என்பது அதில் எனக்கு மிகவும் பிடித்த விதி. ஆனால் நிலமும் வீடும் இல்லாதவருக்கு அந்த வாரியத்தில் இடமே இல்லை. கரையில் மண் சுமந்தவர்கள் பலருக்கு ஆயக்கட்டில் ஒரு குழி நிலமும் இருந்ததில்லை என்பதை மறைத்துவிட்டுக் குடிமராமத்தைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. விவசாயிகளே பாசனத்தை நிர்வகிக்கத் தமிழ்நாட்டில் இயற்றிய 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமையும் பாசன சங்கங்களும் நில உடைமையாளரையே மையமாகக் கொண்டவை. ஆடு மாடு மேய்ப்பவரும் மீன் பிடிப்பவரும் இன்னும் வெளியில்தான் நிற்கிறார்கள்.

கேள்வி: தோல் வியாபாரத்தில் ஒருவரோடொருவர் போட்டி போடும் முதலாளிகள், கழிவுநீரைச் சுத்திகரிக்க மட்டும் எப்படி ஒன்று சேர்ந்தார்கள்?
– வாசகி, ஆம்பூர்

பதில்: விலகிப்போக வழி இல்லாததால் சேர்ந்தார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த வழக்கில், மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்து, தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. சுத்திகரிக்காவிட்டால் மூட வேண்டும் என்ற நிலையில், தனி நிலையம் கட்ட இயலாத சிறு தொழிற்சாலைகளுக்குக் கூட்டு நிலையமே பிழைக்கும் வழியாயிற்று. வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் போன்ற இடங்களில் இத்தகைய நிலையங்கள் அமைந்தன; அரசு மானியமும் கைகொடுத்தது. பக்கத்துத் தொழிற்சாலை கள்ளத்தனமாகக் கழிவை வெளியேற்றினால் பழி எல்லோர் மீதும் விழும் என்பதால், ஒருவரை ஒருவர் கண்காணிக்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இருக்கிறது.

ஆனாலும் கூட்டு நிலையத்தில் பங்கு உள்ளவர்கள் தோல் தொழிற்சாலைக்காரர்கள் மட்டுமே. கிணற்றில் உப்பு ஏறி நிலத்தைத் தரிசாகப் போட்ட பாலாற்றங்கரை விவசாயிக்கு, அந்த நிலையத்தின் கணக்கையோ தண்ணீர்ச் சோதனை முடிவையோ கேட்க அங்கே ஒரு நாற்காலி வேண்டும்.