பதில் வராத மெயிலுக்குப் பின் எழுதும் மெயில்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் செங்கோட்டையை அடுத்த புளியரையில் இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக எங்கள் பகுதிச் சமையலை இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் காணொளிகளாகப் போட்டு வருகிறேன். இன்ஸ்டாகிராமில் 14,000 பேர் தொடர்கிறார்கள். சென்ற ஜூலை இறுதியில், ஓணத்தை மனத்தில் வைத்து, கேரளத்தைச் சேர்ந்த மசாலா, தேங்காயெண்ணெய், பாத்திர நிறுவனங்கள் பதினொன்றுக்கு கொலாப், அதாவது அவர்கள் பொருளை என் காணொளியில் விளம்பரப்படுத்தும் வாய்ப்பு, கேட்டு மெயில் அனுப்பினேன். ஒன்றிலிருந்து மட்டும் 'பார்த்துவிட்டுச் சொல்கிறோம்' என்று வந்தது. மற்றவர்களுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை 'என் மெயிலைப் பார்த்தீர்களா?' என்று எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு நிறுவனத்தின் பதிவுக்குக் கீழே, எல்லோரும் பார்க்கும்படி கேட்டும் விட்டேன். அவர்கள் என்னை பிளாக் செய்துவிட்டார்கள். மீண்டும் மீண்டும் கேட்பது கையேந்துவது போல் இருக்கிறது. கேட்காமல் விட்டால் மறந்துவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது. எத்தனை முறை, எப்படிக் கேட்பது?

ஒரு வாசகி, புளியரை

*

அன்புள்ள தங்கைக்கு,

எழுத்துக்கு வருமுன் நான் கொச்சியில் ஒரு விளம்பர ஏஜென்சியில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். உங்களைப் போன்றவர்கள் அனுப்பும் மெயில்கள் வந்து சேரும் பெட்டி என் பொறுப்பில்தான் இருந்தது என்பதால், மேசையின் அந்தப் பக்கத்தில் என்ன நடக்கும் என்பதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

நான் பதில் எழுதாமல் விட்ட மெயில்களில் பெரும்பாலானவை நான் வேண்டாம் என்று ஒதுக்கியவை அல்ல. விளம்பரத்துக்கான தொகையை மேலே இருப்பவர்கள் உறுதி செய்யும்வரை 'சரி' என்று சொல்ல எனக்கு அதிகாரம் இருக்காது; பின்னால் தேவைப்படக்கூடும் என்பதால் 'வேண்டாம்' என்று சொல்லவும் மனம் வராது. இந்த இரண்டுக்கும் நடுவே கிடந்த மெயில்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமலேயே நாட்கள் போய்விடும். 'பார்த்தீர்களா?' என்ற கேள்விக்கு என்னிடம் இருந்த ஒரே பதில் 'பார்த்தேன்' என்பதுதான். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும் என்று தெரிந்து வாயை மூடிக்கொண்டிருப்பேன். நீங்கள் மூன்று நாளைக்கு ஒருமுறை கேட்டது இந்தக் கேள்வியைத்தான்.

உங்கள் முதல் மெயில் போன நேரமும் சரியில்லை. திருவோணம் 2024-இல் செப்டம்பர் 15 அன்றும் 2025-இல் செப்டம்பர் 5 அன்றும் வந்தது. ஆண்டுதோறும் தேதி நகர்வதால் அதை ஆங்கில நாட்காட்டியில் ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தால் கணக்கு தவறும். எங்கள் ஏஜென்சியில் ஜூன் வாக்கில் இடவப்பாதி மழை தொடங்கும்போதே ஓணப் பட்டியல் எழுதப்பட்டு, கர்க்கடகம் பிறப்பதற்குள், அதாவது நம் ஆடிக்கு முன்பே, யார் யாருக்கு எவ்வளவு என்பது முடிவாகியிருக்கும். ஜூலை இறுதியில் வந்த மெயிலை எவ்வளவு பணிவாகப் பின்தொடர்ந்தாலும் அந்தப் பட்டியலில் இடம் இருந்திருக்காது.

இனி, இரண்டாவது மெயிலைப் பற்றி. முதல் மெயிலுக்குப் பிறகு ஏழு வேலை நாட்களாவது விடுங்கள். புதிய தலைப்பில் எழுதாமல், பழைய மெயிலுக்கே ரிப்ளை போட்டு எழுதினால், படிப்பவருக்கு நீங்கள் யார் என்று தேட வேண்டியிருக்காது. பெரிய பிடிஎஃப்பை மறுபடியும் இணைக்க வேண்டாம். 'பதில் வரவில்லையே' என்ற வருத்தம் அதில் ஒரு சொல்லாகக்கூட இருக்கக் கூடாது. முதல் மெயிலில் இல்லாத ஒரு செய்தி இருக்க வேண்டும். ஒரே வரியில் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியோடு அது முடிய வேண்டும்.

புதிய செய்திக்கு நீங்கள் எங்கும் போக வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1 வரை உங்கள் செங்கோட்டை வட்டமே கேரளத்தின் முன்னோடியான திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. உங்கள் அடுக்களையில் தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதில் வியப்பில்லை. உங்கள் பக்கத்தை எந்த ஊர்களிலிருந்து பார்க்கிறார்கள் என்பது இன்ஸ்டாகிராமின் இன்சைட்ஸ் பகுதியிலேயே இருக்கிறது. அதில் மலைக்கு அந்தப் பக்கத்துப் புனலூரும் கொல்லமும் வந்தால், மலைக்கு இரண்டு பக்கமும் பார்க்கப்படும் ஒருவரைத் தேடும் நிறுவனத்துக்கு 14,000 என்ற எண்ணைவிட அந்த இரண்டு ஊர்ப் பெயர்கள் பெரிது. ஏறக்குறைய இப்படி எழுதலாம்: "சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதன்பின் புளிசேரிக் காணொளி போட்டேன். என் பக்கத்தைப் பார்ப்பவர்களில் இத்தனை சதவீதம் பேர் கொல்லத்தினர், படத்தை இணைத்துள்ளேன். இது பற்றி முடிவெடுப்பவர் தாங்கள்தானா, அல்லது நான் வேறு யாருக்கேனும் எழுத வேண்டுமா?" கடைசிக் கேள்வியை நான் மிகவும் பரிந்துரைப்பேன். அதற்குப் பதில் சொல்ல யாருக்கும் மேலிடத்து அனுமதி தேவையில்லை.

அதற்கும் மௌனம்தான் என்றால், இரண்டு வாரம் கழித்து மூன்றாவதும் கடைசியுமான மெயில். இப்போதைக்கு இதை முடித்துக்கொள்வதாகவும், அடுத்த பருவத்தில் புதிய யோசனையுடன் வருவதாகவும் சொல்லி நிறுத்திவிடுங்கள். ஒன்று சொல்கிறேன்: நான் அதிகம் பதில் எழுதியது இத்தகைய மெயில்களுக்குத்தான். எழுதியவரே கதவைச் சாத்திவிடும்போது, 'இப்போது இல்லை, விஷுவுக்கு முன் எழுதுங்கள்' என்று சொல்லக் கூச்சம் இருக்காது.

பதில் வராத பதட்டத்தில் சிலர் இரண்டாவது மெயிலிலேயே தொகையைப் பாதியாக்குவார்கள், அல்லது பொருளை மட்டும் கொடுத்தால் போதும், விளம்பரம் என்று குறிப்பிடாமலே போட்டுத் தருகிறேன் என்பார்கள். முதலாவது, முன்பு சொன்ன தொகை பொய் என்று நீங்களே ஒப்புக்கொள்வது. இரண்டாவது, முறைகேடு. சமூக ஊடகங்களில் விளம்பரம் செய்பவர்களுக்கான இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலின் விதிகள் 2021 ஜூன் 14 முதல் நடைமுறையில் இருக்கின்றன. பணமில்லாமல் பொருள் மட்டும் வாங்கியிருந்தாலும் அது விளம்பரம் என்று தெரிவித்தாக வேண்டும்.

இது பெரிய நிறுவனங்களுக்கு. புனலூரிலோ மார்த்தாண்டத்திலோ முதலாளியே கல்லாவில் உட்காரும் எண்ணெய் ஆலைக்கு இந்த முறை பொருந்தாது. அவர்கள் மெயிலைத் திறப்பதே அபூர்வம். பாக்கெட்டில் அச்சிட்ட எண்ணுக்குக் காலை வியாபாரம் ஓய்ந்த பிறகு ஒருமுறை பேசுங்கள். உங்கள் மலையாளத்தில் தமிழ் ஒலித்தால் ஒன்றும் கெட்டுவிடாது. கணினி மொழிபெயர்த்துத் தரும் மலையாளக் கடிதம்தான் அவர்களுக்கு அந்நியமாகப் படும். பொதுவெளியில் கேட்பது மட்டும் எங்கும் வேண்டாம். பிளாக் செய்தவர்களை வேறு கணக்கிலிருந்து அணுகாமல் ஓராண்டு விட்டுவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையில் வியப்பளித்தது வேறொன்று. 'பார்த்துவிட்டுச் சொல்கிறோம்' என்ற நிறுவனத்துக்கு அதன்பின் என்ன எழுதினீர்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லை. வாய் திறக்காத பத்துப் பேர் பின்னால் ஓடி, பேசிய ஒருவரை மறந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே உங்களுக்கு ஒரு மனிதரின் பெயர் கிடைத்திருக்கிறது. ஓணம் போனது போகட்டும். கார்த்திகை பிறந்தால் ஆரியங்காவுக்கும் அந்த வழியே சபரிமலைக்கும் போகிற வண்டிகள் உங்கள் ஊர் வழியாகத்தான் மலையேறும். விரதச் சாப்பாட்டை வைத்து, வெங்காயம் பூண்டு இல்லாத நான்கு காணொளிகளுக்கு ஒரு திட்டத்தை அரைப் பக்கத்தில் எழுதி, அவர் அனுப்பிய அந்த ஒரு வரிக்கே ரிப்ளையாக, அவர் பெயரைச் சொல்லி, இந்த வாரமே அனுப்புங்கள்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து அக்கா