முள்ளெலிக் கூண்டுக்கு எந்த தெர்மோஸ்டாட் வாங்கலாம்?

கேள்வி: டொராண்டோவில் பேஸ்மென்ட் வீட்டில் இருக்கிறோம். ஆப்பிரிக்க பிக்மி முள்ளெலி ஒன்று வாங்கியிருக்கிறோம். ராத்திரியில் வீடு 18 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கூண்டுக்கு எந்த தெர்மோஸ்டாட் நல்லது?

பதில்: முதலில் ஹீட்டரை முடிவு செய்யுங்கள். தெர்மோஸ்டாட்டை அதற்கேற்ப வாங்கலாம்.

இந்த இனத்துக்குக் கூண்டுக்குள் 23 முதல் 26 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். 20-க்குக் கீழே போனால் குளிர்கால உறக்கத்துக்குள் நழுவப் பார்க்கும். ஐரோப்பிய முள்ளெலி கொழுப்புச் சேர்த்துக்கொண்டு மாதக்கணக்கில் தூங்கி எழும். ஆப்பிரிக்க முள்ளெலியின் உடம்புக்கு அந்தத் தயாரிப்பு கிடையாது, அப்படியே செத்தும் போகலாம். 30-ஐத் தாண்டினாலும் வம்புதான். நாலு காலையும் பரப்பிக்கொண்டு தோசை மாதிரி தட்டையாகக் கிடந்தால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். (தமிழ்நாட்டு வறண்ட காடுகளில் திரியும் முள்ளெலி வேறு இனம், காட்டு விலங்கு. இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது.)

ஹீட்டரில் செராமிக் எமிட்டரே சரி. பல்பு மாதிரி ஹோல்டரில் திருகுவது, ஆனால் வெளிச்சமே வராது. முள்ளெலி ராத்திரியில் நடமாடும் பிராணி என்பதால் சிவப்பு பல்புகூட அதைத் தொந்தரவு செய்யும். ஹீட்டிங் பேட் வயிற்றைச் சுடுமே தவிர காற்றைச் சூடாக்காது. 60 × 120 செ.மீ. கம்பிக் கூண்டு என்றால் 150 வாட் ஒன்றைவிட 100 வாட் இரண்டை ஆளுக்கொரு பக்கம் தொங்கவிடுவது மேல். சூடு பரவலாக இருக்கும், ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும். எமிட்டரின் மேற்பரப்பு 200 டிகிரியைத் தாண்டும். அதனால் எமிட்டரைத் தாங்கும் கவிழ்த்த கிண்ணம் போன்ற டோமுக்குள் இருப்பது பீங்கான் ஹோல்டர்தானா என்று பாருங்கள், பிளாஸ்டிக் உருகிவிடும். முள்ளெலி கம்பியில் ஏறும். ஏறினாலும் எட்டாத உயரத்தில் தொங்கட்டும்.

இனி தெர்மோஸ்டாட். ஆன்-ஆஃப் (முழுதாக எரியும், முழுதாக அணையும்), பல்ஸ் (கரண்டை விட்டுவிட்டுத் தரும்), டிம்மிங் (கரண்டைக் கூட்டிக் குறைக்கும்) என்று மூன்று வகை கிடைக்கும். செராமிக் எமிட்டர் மூன்றிலும் ஓடும். பல்ஸ் வகை வெப்பத்தை இன்னும் சீராக வைக்கும், அதற்கேற்ற விலையும் உண்டு. முள்ளெலிக்கு ஒரு டிகிரி ஏறி இறங்குவதில் ஒன்றும் கெட்டுவிடாது, சாதாரண ஆன்-ஆஃப் போதும். அதற்குள் இருக்கும் ரிலே என்ற சுவிட்ச் 'டிக்' என்று சத்தம் போடும், படுக்கையறையில் வைக்கிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். ஒயரில் மாட்டும் லாம்ப் டிம்மரைச் சிலர் தெர்மோஸ்டாட் என்று நினைத்து வாங்குகிறார்கள். அது அறை குளிர்ந்ததா என்று பார்க்காது, வைத்த அளவில் அப்படியே நிற்கும்.

பெட்டியில் பார்க்க வேண்டியவை: எண் காட்டும் டிஜிட்டல் திரை, ஒயரில் நீண்டு வரும் தனி சென்சார், அலாரம், கரண்ட் போய் வந்தாலும் மறக்காத செட்டிங். எண்ணே இல்லாமல் 'கூட்டு, குறை' என்று மட்டும் டயல் வைத்தவை வேண்டாம். இரண்டு எமிட்டருக்கு மொத்தம் 200 வாட், தெர்மோஸ்டாட் குறைந்தது 300 வாட் தாங்க வேண்டும். இங்க்பேர்ட் ஐடிசி-308 (Inkbird ITC-308) என்ற ஆன்-ஆஃப் தெர்மோஸ்டாட் இதற்கெல்லாம் தாராளமாகப் போதும். அதில் டிஎஸ் (TS, வேண்டிய வெப்பம்) 25, எச்டி (HD, எத்தனை டிகிரி இறங்கினால் ஹீட்டர் எரிய வேண்டும் என்பது) 1 என்று வையுங்கள்: 24-க்கு இறங்கினால் ஹீட்டர் எரியும், 25-ல் அணையும். மேல் அலாரம் 29, கீழ் அலாரம் 21. குளிரூட்டும் கருவிக்கான கூலிங் ப்ளக்கைக் காலியாக விட்டுவிடுங்கள். சென்சார் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, நொறுக்கிய ஐஸ் நிறையப் போட்டு, இடுக்கை நிரப்பும் அளவு மட்டும் தண்ணீர் விட்ட டம்ளரில் சென்சாரைக் கலக்கிக்கொண்டே பிடித்தால் 0 காட்ட வேண்டும். வித்தியாசம் இருந்தால் சிஏ (CA) செட்டிங்கில் திருத்தலாம்.

ஆனால் பிழை பெரும்பாலும் தெர்மோஸ்டாட்டில் நடப்பதில்லை, சென்சார் வைக்கும் இடத்தில்தான். எமிட்டருக்கு நேர் கீழே வைத்தால் அந்த இடம் மட்டும் சூடாகி ஹீட்டர் சீக்கிரம் அணையும், மற்ற பக்கம் குளிரும். படுக்கைக்குள் புதைந்தாலும் தப்புக் கணக்கு காட்டும். கூண்டின் நடுவாக, தரையிலிருந்து 4, 5 செ.மீ. உயரத்தில், முள்ளெலியின் முதுகு மட்டத்தில் கேபிள் டை போட்டு இறுக்குங்கள். கூட வரும் ரப்பர் உறிஞ்சியை நம்பாதீர்கள். அது கழன்று சென்சார் கூண்டுக்கு வெளியே விழுந்தால் 18 டிகிரியைப் படித்துக்கொண்டு ஹீட்டர் நிற்காமல் எரியும்.

ரிலே அணையாமல் ஒட்டிக்கொண்டாலும் இதே கதி, அப்போது அலாரம் மட்டும்தான் துணை. தேவைக்கு மேல் வாட் போடக் கூடாது என்பதும் இதனால்தான். எமிட்டர் செத்துப்போவதோ கண்ணுக்கே தெரியாது, வெளிச்சம்தான் இல்லையே. ஹீட்டர் ஓடுவதாகத் திரை காட்டும்போது டோமுக்கு ஒரு சாண் கீழே உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். எமிட்டருக்குத் தூரமான மூலையில் குறைந்த, கூடிய அளவைப் பதிந்து வைக்கும் வெப்பமானி ஒன்று தனியாக இருக்கட்டும். காலையில் அதைப் பார்த்தால் ராத்திரி நடந்தது தெரிந்துவிடும்.

பேஸ்மென்ட் என்பதால் இன்னொன்று. வெப்பம் சரியாக இருந்தும் பகல் வெளிச்சம் குறைந்தால் முள்ளெலி குளிர்கால உறக்கத்துக்குப் போகப் பார்க்கும். டைமர் போட்டு தினம் 12 முதல் 14 மணி நேரம் விளக்கு எரியவிடுங்கள். 2013 டிசம்பர் உறைமழையில் டொராண்டோவில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாத வீடுகள் ஏராளம். அப்படி ஒரு நாளுக்குக் கை சூடாக்கும் பாக்கெட்டுகள் சில வாங்கி வையுங்கள். சாக்ஸுக்குள் போட்டு, துணியில் சுற்றி, அதன் படுக்கைப் பையின் ஒரு ஓரத்தில் வைக்கலாம்.

எப்போதாவது அது தள்ளாடினால், வயிறு சில்லிட்டிருந்தால், வெந்நீரில் போடாதீர்கள். சட்டைக்குள் உங்கள் உடம்போடு அணைத்து மெதுவாகச் சூடேற்றிக்கொண்டே, முள்ளெலி பார்க்கும் கால்நடை மருத்துவருக்குப் போன் போடுங்கள். அதற்கு முன்னால் உணவு ஊட்டவும் வேண்டாம்.