பழைய சர்வரை அப்படியே ஆன் செய்யாதீர்கள்

கேள்வி: எங்கள் மருந்து மொத்த விற்பனைக் கடையின் பில்லிங் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஓடுகிறது. பவர் சப்ளை போய் பிரைமரி சர்வர் (பில்களை ஏற்கும் முதன்மை மெஷின்) படுத்துவிட்டது. அதன் நகலை வைத்திருந்த ஸ்டாண்ட்பை சர்வரைப் பிரைமரியாக்கி வேலையைத் தொடர்கிறோம். பழைய மெஷின் இப்போது தயார். ஆன் செய்தால் தானாகவே சேர்ந்துகொள்ளும் என்கிறார் சர்வீஸ்காரர். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். தன் இடத்துக்கு வேறொரு சர்வர் வந்துவிட்டது என்பது பழைய மெஷினுக்குத் தெரியாது. ஆன் ஆனதும் நான்தான் பிரைமரி என்று பில்களை வாங்கிக்கொள்ளும். ஒரு கவுண்டர் பழைய ஐபியில், இன்னொன்று புதியதில் என்று ஓடினால் ஒரே பில் நம்பர் இரண்டு கடைக்காரர்களுக்குப் போகலாம். ஸ்டாக் கணக்கும் குழம்பும். அதனால் முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். பிறகு ஆன் செய்து, போஸ்ட்கிரெஸ் தானாகத் தொடங்காதபடி நிறுத்தி வையுங்கள்.

அடுத்து, டேட்டா ஃபோல்டர் முழுவதையும் தனி டிஸ்க்கில் நகலெடுங்கள். இதைப் பலரும் தாண்டிப் போகிறார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். வழக்கமான அமைப்பில், ஸ்டாண்ட்பைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமலே பிரைமரி "பில் பதிவாயிற்று" என்று சொல்லிவிடும். எனவே பவர் சப்ளை போன அந்த நொடியில் போட்ட இரண்டு மூன்று பில்கள் பழைய டிஸ்க்கில் மட்டுமே இருக்கலாம். நகலை நெட்வொர்க் இல்லாத வேறொரு மெஷினில் ஓட்டி, கடைசிப் பில்களைப் புதிய பிரைமரியோடு ஒப்பிடுங்கள். விட்டுப்போனதைக் கையால் ஏற்றுங்கள். பழைய மெஷினைச் சேர்க்கும் வேலை முடிந்த பிறகு தேடினால் அவை கிடைக்காது.

பழைய மெஷினைப் புதிய ஸ்டாண்ட்பையாகச் சேர்ப்பதற்கு பிஜி-ரீவைண்ட் என்றொரு கருவி உண்டு. ஆனால் செக்சம் (டேட்டா கெட்டிருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) அல்லது அதற்கான லாக் அமைப்பை முன்பே போட்டிருந்தால்தான் அது வேலை செய்யும். உங்கள் அளவுக் கடைக்கு பிஜி-பேஸ்பேக்கப் போட்டுப் புதிய பிரைமரியிலிருந்து முழுதாக நகலெடுப்பதே நிம்மதி. அதற்குப் பழைய மெஷினின் டேட்டா ஃபோல்டரைக் காலி செய்ய வேண்டும். அழிக்கும் முன் எந்த சர்வரில் நிற்கிறோம் என்று திரையில் பெயரைப் பாருங்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் இதே கட்டத்தில்தான் ஸ்டாண்ட்பை என்று நினைத்துப் பிரைமரியை அழித்தார்கள். தினசரி பேக்கப்பும் வெர்ஷன் பொருந்தாமல் தோற்றுக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. சுமார் ஆறு மணி நேர டேட்டா போனது.

இன்னொன்று. இரண்டே சர்வரில் "ஆட்டோ ஃபெயிலோவர்" (பிரைமரி போனால் ஸ்டாண்ட்பை தானாகவே பொறுப்பேற்பது) போட்டுத் தருகிறேன் என்று வருபவரிடம் பணம் கொடுக்காதீர்கள். மறுபக்கம் செத்ததா, நடுவில் ஒயர் அறுந்ததா என்று இரண்டு மெஷின்களால் முடிவு செய்ய முடியாது. ஓட்டுப் போட மூன்றாவது ஒன்று வேண்டும், சின்ன மெஷினே போதும். பவர் சப்ளை மட்டும் போனதற்கு "டேட்டா ரெக்கவரி" பில் நீட்டினாலும் கொடுக்காதீர்கள், டிஸ்க் நன்றாகத்தானே இருக்கிறது!

சர்வீஸ்காரர்கள் கொட்டேஷனில் "ஹை அவைலபிலிட்டி" (எது படுத்தாலும் வேலை நிற்காது) என்று ஒரு வரி எழுதி, வருஷா வருஷம் ஏஎம்சி என்ற பராமரிப்புக் கட்டணம் வாங்கிக்கொண்டு, ஒரு நாள்கூடப் பிரைமரியை நிறுத்திப் பார்க்காமல் போகிறார்கள். கேட்டால் "ஒப்பந்தத்தில் இல்லை" என்பார்கள். அடுத்த புதுப்பித்தலில் அதைச் சேர்க்கச் சொல்லுங்கள்: ஞாயிற்றுக்கிழமை, கடை மூடிய பிறகு, உங்கள் கண் முன்னால் பிரைமரியை நிறுத்தி, ஸ்டாண்ட்பையில் ஒரு பில் போட்டுக் காட்ட வேண்டும்.