எல்லாமே சிவப்பு

அன்புள்ள அக்கா,
என் மகளுக்கு இரண்டரை வயது. எதைக் காட்டினாலும் ‘சிவப்பு’ என்கிறாள். மழலையர் பள்ளியில் மற்றப் பிள்ளைகள் ஆறு நிறம் சொல்கிறார்களாம். தினமும் இரவு வண்ண அட்டைகளைக் காட்டிக் கேட்கிறேன். இப்போது அட்டையைக் கண்டாலே அழுகிறாள். நிறக்குருடாக இருக்குமோ? நல்ல செயலி ஏதாவது சொல்லுங்கள்.
- ஒரு தாய், தேவகோட்டை

அன்புள்ள தங்கைக்கு,

‘அட்டையைக் கண்டாலே அழுகிறாள்’ என்ற வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. தூக்கம் கண்ணைச் சுற்றும் நேரத்தில் பச்சைப் பிள்ளையை உட்காரவைத்துப் பரீட்சை வைக்க உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?

செயலியெல்லாம் வேண்டாம். மற்றப் பிள்ளைகளின் கணக்கும் நமக்கு எதற்கு? நிறக்குருடு பெண்பிள்ளைகளுக்கு மிக அரிது. சார்லஸ் டார்வினே தம் பிள்ளைகள் நிறங்களின் பெயரைச் சொல்லத் திணறுவதைப் பார்த்து நிறக்குருடு என்று பயந்துபோனவர்தான். அது வீண் பயம் என்று 1877-இல் அவரே எழுதினார்.

பிறந்த சில மாதங்களிலேயே பிள்ளையின் கண்ணுக்கு நிறம் பிரிந்து தெரிந்துவிடும். பெயர்தான் பிந்தி வரும். பந்து என்றால் கையில் பிடிக்கலாம், சிவப்பை எங்கே பிடிப்பது? மிளகாய் வற்றலிலும் இருக்கிறது, ஆத்தங்குடித் தரைக்கல்லிலும் இருக்கிறது, கண்டாங்கிச் சேலைக் கரையிலும் இருக்கிறது. மூன்றும் ஒரே சிவப்பும் இல்லை.

எங்கள் அப்பத்தா கொட்டான் என்னும் ஓலைக்கூடை முடைவார். சாயமேற்றிய பனையோலைக் கீற்றுகளை வளவில் பரப்பிக்கொண்டு உட்காருவார். நான் பள்ளிக்கூடம் போகாத வயது. ‘இது என்ன நிறம்?’ என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு கீற்றைத் தூக்கிக் காட்டி, “இதே மாதிரி இன்னொன்று எடு, ஆத்தா” என்பார். தப்பாக எடுத்துக் கொடுத்தால் திட்டமாட்டார். இரண்டையும் சேர்த்துப் பிடித்து முற்றத்து வெயிலில் காட்டுவார். நானே பார்த்துவிட்டு வேறொன்று எடுக்க ஓடுவேன். ஜோடி சேர்ந்த பிறகுதான் பெயர் வரும்: “இந்த ஓலை கத்தரிப்பூ. இந்த ஓலை கிளிப்பச்சை.”

கவனித்தீர்களா? ஓலை முதலில், நிறம் பின்னால். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ராம்ஸ்கர் குழுவினர் இரண்டு வயதுப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. ஆங்கிலத்தில் நிறத்தை முன்னால் சொல்வதே வழக்கம். அதை மாற்றிப் பொருளை முதலில் சொல்லி, நிறத்தைப் பின்னால் சொன்னபோது பிள்ளைகள் நன்றாகக் கற்றார்களாம். பொருளின்மேல் கண் நின்ற பிறகு நிறத்தைத் தேடுவது எளிது. தமிழில் இதற்கு மெனக்கெடவே வேண்டாம். ‘பந்து சிவப்பு’ என்றால் முழு வாக்கியம். இவ்வளவு வசதியான மொழியை வைத்துக்கொண்டு, அட்டையைத் தூக்கி ‘சொல்லு, சொல்லு’ என்று அதட்டுகிறோம். என் மகனிடம் நானும் அதைத்தான் செய்தேன். இன்றும் நெஞ்சில் உறுத்துகிறது.

இன்றைக்கே அட்டைகளைப் பரணில் போடுங்கள். துவைத்த துணி மடிக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு காலுறையைக் கையில் கொடுங்கள். ஜோடியை அவள் தேடட்டும். நான்கு வயது தாண்டியும் ஜோடி சேர்க்கத் தடுமாறினால் கண் மருத்துவரிடம் காட்டலாம். அதுவரை அவள் சிவப்பு என்று சொன்னால் சிவப்பாகவே இருக்கட்டும்.